பத்துப் பாகக் கயிறு

குருநகர்
22.01.1995

தம்பி கிறிஸ்துநாயகத்துக்கு,

நீ அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டை நேற்றுத்தான் கைக்கு வந்தது. பனி மூடின ஒரு வீடு, வாசலில் ஒரு குஞ்சும் இல்லை. இதுவும் ஒரு வாழ்த்தா என்று பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவுக்குக் காட்டிச் சிரித்தேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். லண்டனுக்குப் போய் எட்டு வருசமாகியும் உனக்கு நாலு வரி எழுதப் பஞ்சிதான்.

இப்போது இங்கே சண்டை நிற்கிறது. பிடிபட்டுப் போனவர்களின் விபரங்களை வெளிநாட்டு ஆட்கள் எடுக்கிறார்கள். மனு இங்கிலிசில் இருந்தால்தான் மேலே போகும் என்று சுவாமியார் சொன்னார். உன் அண்ணையை நேவியின் அந்தப் பெரிய படகுக்காரர் நடுக்கடலில் ஏற்றிக்கொண்டு போய் வருகிற ஏப்ரலோடு ஒன்பது வருசம். வள்ளத்தில் அவரோடு இருந்தவன் நீ ஒருவன்தான். கண்ணால் கண்ட சாட்சியும் நீதான். எந்த இடம், எத்தனை பாகத் தண்ணி, அந்தப் படகு என்ன நிறம், அதில் எத்தனை பேர், எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கீழே கையெழுத்து வைத்து அனுப்பு.

லூர்த்தம்மா ஒவ்வொரு கார்த்திகையும் வந்து நிற்பாள். "எடியே யசிந்தா, ஆத்துமாக்கள் திருநாளுக்குச் செத்த ஆக்களின்ரை பேர் குடுக்கினம். இந்த வருசமெண்டாலும் உன்ரை மனிசன் கனிசியசின்ரை பேரையும் எழுதிக் குடன்." நான் அவளை நாயே பேயே என்று பேசிக் கலைப்பேன். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு ஆராவது இறந்தோர் பூசை வைப்பார்களா? கதவுக்கு நான் இன்றுவரை தாழ்ப்பாள் போட்டதில்லை. வந்து தட்டிப்போட்டுத் திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயம்தான்.

காலமை எழும்பினவுடன் கதவு நிலையில் ஒரு கையும் யன்னல் கம்பியில் மற்றக் கையுமாக நின்று சோம்பல் முறிப்பாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். "கை ரெண்டையும் விரிச்சால் இந்தச் சுவர் சரியா என்ரை ஒரு பாகம், யசிந்தா" என்பார். அந்தச் சுவரடியில் ஒரு கதிரைகூட நான் போடவில்லை.

மனுவைக் கெதியாக அனுப்பு.

யசிந்தா


லண்டன்
05.03.1995

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். மனு எழுதத் தொடங்கினேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டது. பாகம் என்பதற்கு இங்கிலிசில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி நூல்நிலையத்துக்குப் போனேன். பழைய தமிழ் அகராதி ஒன்று இருந்தது. அதில் 'ஃபதம்' (fathom) என்று போட்டிருந்தது. சரியோ என்று பார்க்க இங்கிலிஸ் அகராதியை எடுத்தேன். பெரிய பெரிய தொகுதிகளாக ஒரு தட்டு முழுக்க இருக்கிறது. மச்சாள், எழும்பி வரும்போது இரண்டு மணித்தியாலம் போயிருந்தது.

இந்தச் சொல்லை அவர்கள் வினையாகவும் சொல்வார்கள். அரிதாகத்தான் சொல்கிறார்கள், என்னோடு கடையில் வேலை செய்கிற ஒருத்தர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஒரு விசயத்தின் அடிமட்டும் போய் விளங்கிக்கொள்வது என்று இப்போது அர்த்தம். நானூறு வருசத்துக்கு முன்னால், கயிறு விட்டுத் தண்ணியின் ஆழம் பார்ப்பது. அதற்கும் முன்னால், ஆயிரம் வருசத்துக்கு முந்திய இங்கிலிசில், ஒருவரைக் கட்டி அணைப்பது. விரித்த இரண்டு கைக்கும், அந்தக் கைகளுக்குள் வருகிற நெஞ்சுக்கும் அந்த ஒரே சொல்தான் இருந்திருக்கிறது. அவர்களின் கடற்காரரும் எங்களைப் போலவே கையை விரித்துக் கயிறு அளந்திருக்கிறார்கள். அதனால்தான் அணைப்பு ஆழமாகிப் போனது. ஜெர்மன்காரரிடம் அதே சொல் நூல் என்று ஆகிவிட்டதாம்.

இப்போது அது ஆறு அடி என்று ஒரேயடியாக முடிவாகிவிட்டது. ஆருடைய கையும் தேவையில்லை.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை வாசித்த நாளிலிருந்து அண்ணை வருகிறார். பஸ்ஸை மறிக்க ஆராவது கை நீட்டினால் அவருடைய கை தெரிகிறது. குளிக்கிற தொட்டியில் தண்ணி நிரப்ப எனக்குப் பயம், வாளியில் பிடித்துத்தான் வார்க்கிறேன். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்.

எட்டுப் பாகத் தண்ணி, பத்துப் பாகக் கயிறு. அந்த மட்டும் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை எழுதி அனுப்புகிறேன்.

கிறிஸ்துநாயகம்


குருநகர்
09.04.1995
குருத்தோலை ஞாயிறு

தம்பி கிறிஸ்துநாயகத்துக்கு,

நான் கேட்டது மனு. நீ அனுப்பியிருப்பது ஒரு சொல்லின் சாதகம். உனக்கு விசரா? இதைக் கொண்டுபோய் அந்த வெள்ளைக்காரரிடம் நீட்டினால், கட்டியணைக்கப் பெண்சாதி தேடுகிறாள் என்று சிரிக்க மாட்டார்களா?

உண்மையைச் சொன்னால், நான் அதை மூன்று தரம் வாசித்தேன். லூர்த்தம்மாவுக்கு மனுவைப் பற்றின பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். மற்றதைக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு எங்கேயோ மறியல் சிறையில் இருக்கிற மனிசன் ஏன் உன் கண் முன்னே ஆவி மாதிரி வந்து நிற்கிறார்? நீ எழுதியிருக்கிற விதம் செத்தவரைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது. இனிமேல் அப்படி எழுதாதே. இந்த வீட்டிலும் அவர் அந்தச் சுவரடியில் நிற்கிறதுபோல எனக்கு எத்தனையோ தரம் தோன்றியிருக்கிறது. அது அவர் என்னை நினைக்கிற நேரம் என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மனுவில் ஆறு அடி என்று குத்துமதிப்பாகப் போட்டுவிடாதே. அவருடைய பாகம் ஆறடியிலும் கூட. கீழே போகிறவனுடைய கைதான் அளவு என்று உங்கள் அப்பு வைத்த சட்டம் உனக்குத் தெரியாததா? சங்கு குளிக்கப் போகிறவர்தான் கயிற்றையும் அளப்பார். உன்னை "கட்டையா, உன்ரை கையாலை அளந்தால் நங்கூரக் கல்லு நிலத்துக்குப் போகாதடா" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பார்.

வள்ளம் போன வருசம் ஷெல் பட்டுச் சிதறிப்போனது. கயிறு மட்டும் கூடத்து ஆணியில் அப்படியே தொங்குகிறது. அன்றைக்கு நீ கொண்டுவந்து போட்ட சுருள், நான் ஒருநாளும் பிரித்ததில்லை. பெரிய வெள்ளி கழியட்டும். அதை இறக்கி அளந்து சரியான அடிக்கணக்கை உனக்கு அனுப்புகிறேன்.

யசிந்தா


லண்டன்
28.05.1995

மச்சாள்,

அவசரமாக எழுதுகிறேன். கயிற்றை இறக்க வேண்டாம். எத்தனை வருசத்துக் கயிறு அது, சுருங்கியிருக்கும், அளவு பிழைக்கும். அடிக்கணக்கு ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. நான் ஆறு அடி என்றே போடுகிறேன்.

சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். குருநகரில் இருக்காதீர்கள். சாவகச்சேரிப் பக்கம் போய்விடுங்கள். வீட்டைப் பிறகு பார்க்கலாம். அண்ணை வந்தாலும் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டாரா? தயவுசெய்து போங்கள்.

கயிற்றை அப்படியே விடுங்கள்.

கிறிஸ்துநாயகம்


குருநகர்
20.07.1995

கிறிஸ்துநாயகம்,

உன் கடிதம் வருவதற்கு முன்னமே நான் கயிற்றை இறக்கிவிட்டேன். உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் கிழமை, சண்டை திரும்பத் தொடங்கின பிறகு. ஆனால் உடனே உனக்கு எழுதவில்லை. எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு உன் கடிதம் வந்தது. கயிற்றைத் தொடாதே என்று ஒரே தாளில் இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். அதுக்குப் பிறகும் நான் பேசாமல் இருந்தால் என்னைப் போல மடைச்சி ஒருத்தியும் இல்லை.

ஒவ்வொரு பாகத்துக்கும் அடையாளமாக மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. என்னுடைய கிழிந்த பாவாடைத் துணிதான். பத்துத் துணி. கயிற்றின் தலைப்பைக் கதவு நிலையில் பிடித்துக்கொண்டு முதல் துணியை யன்னல் கம்பிக்கு இழுத்தேன். எட்டவில்லை. ஒரு சாண் குறைவு. கயிறு முறுகியிருக்கும் என்று நீவிவிட்டுத் திரும்பவும் பிடித்தேன். அதே சாண். இரண்டாவது துணி, மூன்றாவது துணி, பத்து மட்டும் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரு சாண் குறைவு. ஷெல் கூவிக்கொண்டு போகிறது, லூர்த்தம்மா பங்கருக்குள் இருந்து கத்துகிறாள், நான் சுவரில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சுருங்கிப் போச்சு என்று எனக்குக் கதை விடாதே. அது நைலோன் கயிறு. நானும் கடற்கரையில் பிறந்தவள்.

அது உன்னுடைய கை. நீ அளந்த கயிறு.

பத்துச் சாண் என்றால் அவருடைய ஒரு பாகத்துக்கும் மேலே. எட்டுப் பாகத் தண்ணிக்கு ஒன்பது பாகமும் இல்லாத கயிறு போட்டால் கல் நிலத்தைத் தொடும், பிடிக்காது. கொஞ்சம் காற்றடித்தால் கல் கிளம்பிவிடும். கீழே ஆள் இருக்க வள்ளம் போய்க்கொண்டிருக்கும். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அன்றைக்கு அவர் தண்ணிக்குள் இறங்கினாரா? கல்லுப் பிடித்ததா? அந்தப் பெரிய படகு வந்ததா?

மனு வேண்டாம். இதுக்குப் பதில் போடு.

யசிந்தா


லண்டன்
03.09.1995

மச்சாள்,

படகு ஒன்றும் வரவில்லை.

இந்த ஒரு வரியை எழுதி ஒரு கிழமை அப்படியே வைத்திருந்தேன். இனி மிச்சத்தையும் எழுதுகிறேன்.

முதல்நாள் காலமை அண்ணை சொன்னார், "பழைய கயிறு நைஞ்சு போச்சு, புதுசிலை பத்துப் பாகம் வைக்கவேணும். பொறு, நான் பின்னேரம் வந்து அளந்து தாறன்." அன்று பின்னேரம் எங்கள் அணிக்கு உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். அவர் வருமட்டும் நின்றால் எனக்கு ஆட்டம் போய்விடும். நானே அளந்தேன். நானே துணி கட்டி வெட்டினேன். ஆட்டத்தில் வென்றோம். அந்த வெற்றியை இன்றுவரை என்னால் நினைக்க முடியாது.

மறுநாள் கடலில் கயிற்றைக் கையில் எடுத்தவுடன் கேட்டார். "ஆற்றை கை இது? ஆர் அளந்தது?"

"உங்கடை கைதான் அண்ணை. பழைய கயிறோடை பக்கத்திலை வைச்சு அளந்தனான்."

என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார். என்னை நம்பி இறங்கினார், மச்சாள். மூன்று தரம் போய்ச் சங்கோடு வந்தார். நாலாவது தரம் போனபோது நான் குனிந்து சங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது தண்ணியின் நிறம் வேறாக இருந்தது. கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன், கல் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது.

தண்டு வலித்தேன். காற்றுக்கு எதிரே ஒரு வள்ளத்தைத் தனி ஆளாக வலிப்பது உங்களுக்குத் தெரியும். தூரத்தில் ஒருதரம் அவரைக் கண்டேன். இரண்டு கையையும் விரித்தபடி தண்ணிக்கு மேலே உயர்த்தினார். கூப்பிட்டாரா, அல்லது எவ்வளவு கயிறு வேண்டும் என்று எனக்குக் காட்டினாரா, தெரியாது. இரண்டாம் தரம் பார்க்கும்போது கடல்தான் இருந்தது. பொழுது படுமட்டும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கரைக்கு வந்தபோது சனம் ஓடிவந்தது. அந்த மாதம் கடலில் பலரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் வாய் திறக்க முன்னம் ஆரோ கேட்டார்கள், "பிடிச்சுக்கொண்டு போட்டாங்களோ தம்பி?" நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். படகின் நிறத்தைக்கூட அவர்களேதான் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு நீங்கள் ஓடிவந்து "உயிரோடைதானே கொண்டு போனவங்கள்?" என்று கேட்டீர்கள். அதுக்கும் ஆட்டினேன்.

அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் நீங்கள் சாப்பிட்டீர்கள். உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தான் சாப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு எந்த நாளில் சொல்வது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்தச் சொல்லை வாசித்த நாளில், பேனையை எடுத்து 'எட்டு ஃபதம்' என்று எழுதினேன். ஆற்றை கை என்று அண்ணை கேட்டது காதுக்குள் கேட்டது. அதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

கிறிஸ்துநாயகம்


கொடிகாமம்
14.11.1995

கிறிஸ்துநாயகத்துக்கு,

உன் கடிதம் ஒக்டோபர் நடுவில் வந்தது. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே உடைத்து வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு மிச்ச மீனையும் வெட்டினேன். கறியும் வைத்தேன். அதுக்குப் பிறகுதான் கத்தினேன். லூர்த்தம்மா ஓடிவந்து ஷெல் பட்டுவிட்டதோ என்று என் உடம்பைத் தடவிப் பார்த்தாள்.

நீ கயிற்றைப் பிழையாக வெட்டினாய். விளையாட்டுப் புத்தி. கடற்கரையில் எத்தனையோ பேர் எத்தனையோ பிழை விட்டிருக்கிறார்கள். அதை நான் ஒரு நாள் மறப்பேன் என்று வைத்துக்கொள். ஆனால் ஒன்பது வருசம், அடப் பாவி, ஒன்பது வருசம் அடிக்கிறார்களோ, சாப்பாடு கொடுக்கிறார்களோ என்று நான் துடித்திருக்கிறேன். எத்தனை முகாம் வாசலில் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருத்தரும் அடிக்கவில்லை. ஒருத்தரும் பட்டினி போடவில்லை. நான் நினைத்து அழுத ஒரு வேதனையும் அவருக்கு இருக்கவில்லை. அவருக்கு வந்த வேதனையை நினைத்து நான் ஒருநாளும் அழவில்லை.

அன்று பொழுதுபட முன்னம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டித்தான் இறக்கினேன். போட்டுவிட்டுத் திரும்பினால் அவர் சுவரடியில் நிற்கிறார், கதவு நிலையில் ஒரு கையும் யன்னல் கம்பியில் மற்றக் கையுமாக. வெளியிலிருந்து வருவார் என்று நான் கதவைத் திறந்து வைத்திருக்க, அவர் இவ்வளவு காலமும் உள்ளேதான் நின்றிருக்கிறார்.

இரண்டு கிழமையில் முழு யாழ்ப்பாணமும் வெளிக்கிட வேண்டி வந்தது. கேள்விப்பட்டிருப்பாய். என்னை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டி வரும் என்று லூர்த்தம்மா பயந்திருக்கிறாள். வந்து பார்த்தால் நான் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறேன். உன்னுடைய கயிற்றால்தான் கட்டினேன். நல்ல உறுதியான கயிறு, நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலிலும் அவிழவில்லை. மூட்டை கட்ட முன்னம் அதில் ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுத்தேன். கதவு நிலையிலிருந்து யன்னல் கம்பிவரைக்கும் பிடித்து, ஒரு நூலும் குறையாமல். அதைச் சேலைக்கு உள்ளே இடுப்பில் சுற்றியிருக்கிறேன். இரண்டு சுற்று வருகிறது. அந்த இங்கிலிஸ்காரர் ஆயிரம் வருசத்துக்கு முன்னால் சொன்னது எனக்கு இப்போது விளங்குகிறது. மழையில் நனைந்து கயிறு தோலை அறுக்கிறது. நான் அவிழ்க்கவில்லை.

ஆத்துமாக்கள் திருநாள் பூசை இங்கே ஒரு பள்ளிக்கூட மரத்துக்குக் கீழே நடந்தது. தாள் இல்லை, பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்துச் செத்தவர்களின் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். லூர்த்தம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானே ஒரு துண்டு வாங்கிக் கனிசியஸ் என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ பெயருக்கு நடுவில் சுவாமியார் அதையும் வாசித்தார். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூசை முடிந்து சேற்றில் முழந்தாளிட்டுக் கையை விரித்துச் செபமாலை சொன்னேன். ஐம்பது மணியில் நாலு பத்து மணியை அவருக்குச் சொன்னேன். கடைசிப் பத்து மணியை உனக்கென்று தொடங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், சொல்லத்தான் நினைத்தேன். ஏழாவது மணியில் கை விழுந்துவிட்டது. திரும்பத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மூன்று மணி மிச்சம் இருக்கிறது. எப்போது சொல்லி முடிப்பேன் என்று எனக்குத் தெரியாது.

யசிந்தா